உங்களுக்குத் தெரியுமா? ஒரே நடையில் ஏற்றிய பாரம்

விருத்தாசலத்தில் நவராத்திரிக்கு முன்பு கொலு பொம்மை, கார்த்திகைக்கு முன்பு அகல்விளக்கு, வருஷம் முழுக்க பீங்கான் ஃபியூஸ் கேரியர் என்று சரக்கு கிளம்பிக்கொண்டே இருக்கும். வண்டி ஏற்றும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், "ஒரே நடையில முடிச்சுக்கலாம்ணே" என்று யாராவது சொல்வது காதில் விழும். இந்த வாரத் துணுக்குகள் எல்லாம் அந்த ஒரே நடையைப் பற்றியவை.

● களிமண் கிடைக்கும் ஊர், செராமிக் தொழிற்பேட்டை உள்ள ஊர், செராமிக் தொழில்நுட்பம் சொல்லித்தரும் அரசுப் பயிலகம் உள்ள ஊர் என்று விருத்தாசலத்துக்குப் பல பெருமைகள். சூளைக்கு உள்ளே வருவது கனமான சரக்கு. வெளியே போவது உடையும் சரக்கு. வண்டி தேர்வு செய்வதில் இரண்டுக்கும் கவனம் வேண்டும், ஆனால் ஒரே மாதிரிக் கவனம் அல்ல.

● 'குட்டி யானை' என்று நாம் கூப்பிடும் டாடா ஏஸ் 2005-ல் விற்பனைக்கு வந்தது. முதலில் வந்த வண்டிக்கு இரண்டே சிலிண்டர். ஏற்றலாம் என்று நிர்ணயித்த பாரம் 750 கிலோ. அதன் தொட்டி சுமார் ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைவான அகலம். ஈரக் களிமண் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 1.8 டன் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: தொட்டியில் ஐந்து அங்குல உயரத்துக்குக் களிமண்ணைப் பரப்பினாலே 750 கிலோ முடிந்துவிடுகிறது. பக்கப் பலகை அளவுக்கு நிரப்பினால் இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது 'ஒரு லோடு' மட்டுமே, கும்பாரமாகக்கூடத் தெரியாது. கனமான சரக்கில் ஆபத்து கண்ணுக்குத் தெரியாமலே ஏறுகிறது.

● வீடு கட்டுகிறவர்களுக்கு ஒன்று. 12 எம்எம் கம்பி ஒரு மீட்டர் 0.888 கிலோ. கடையில் கிடைக்கும் முழுக் கம்பி 12 மீட்டர், அதாவது ஏறத்தாழ 40 அடி. ஒரு கம்பி பத்தரைக் கிலோவுக்கு மேல். எழுபது கம்பி போட்டால் அதே 750 கிலோ.

● கம்பி வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் நுனியில் சிவப்புத் துணி கட்டினால் போதும் என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். பின்புறம் ஒரு மீட்டர் வரை நீட்டலாம் என்று முன்பு விதி இருந்தது உண்மை. 2014-ல் மத்திய மோட்டார் வாகன விதிகளிலிருந்து அந்தச் சலுகை எடுக்கப்பட்டுவிட்டது. துணி கட்டினாலும் கட்டாவிட்டாலும் நீட்டல் குற்றம்தான். இரவில் பின்னால் வரும் பைக்காரருக்கு அந்தத் துணி தெரியாது; தெரியும்போது கம்பி நெஞ்சுக்கு எதிரே இருக்கும்.

● அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஒட்டாவா என்ற ஊர் அருகே 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. வளையம் வளையமாகச் சாலை போட்டு, வெவ்வேறு எடையில் லாரிகளை இரவும் பகலும் ஓட்டி, எந்தச் சாலை எப்போது உடைகிறது என்று பார்த்தார்கள். அதில் கிடைத்த முடிவைத்தான் உலகம் முழுக்கச் சாலைப் பொறியாளர்கள் இன்றும் கையாளுகிறார்கள்: சாலையின் தேய்மானம் ஆக்சில் பாரத்தின் நான்காம் அடுக்கில் கூடுகிறது. அதாவது ஓர் ஆக்சிலில் இறங்கும் எடை இரண்டு மடங்கானால், சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கல்ல, பதினாறு மடங்கு.

இப்போது அந்த 'ஒரே நடை'க்கு வருவோம். அனுமதித்த பாரத்தை ஏற்றிக்கொண்டு இரண்டு நடை போனால் சாலைக்கு இரண்டு பங்கு தேய்மானம். அதே பாரத்தை ஒரே வண்டியில், ஒரே நடையில் ஏற்றி, ஆக்சில் எடையும் இரட்டிப்பானால் பதினாறு பங்கு. டீசல் மிச்சம், ஆள்கூலி மிச்சம் என்று வண்டிக்காரர் கணக்கு எழுதுகிறார். எட்டு மடங்கு கூடுதல் தேய்மானத்தை யாரும் எழுதுவதில்லை. மழைக்காலம் வந்ததும் அந்தக் கணக்கு குழிகளாக வெளியே தெரிகிறது. அந்தக் குழியில் விழுவது பெரும்பாலும் லாரி அல்ல, டியூஷன் முடித்துச் சைக்கிளில் வரும் பிள்ளை.

● 2018 ஜூலையில் மத்திய அரசு பார வரம்பைக் கூட்டியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன் இருந்தது 11.5 டன் ஆனது. ஆறு சக்கர லாரிக்கு மொத்த எடை 16.2 டன்னிலிருந்து 18.5 டன். 'மொத்த எடை' என்பதில் வண்டியின் சொந்த எடையும் சேர்த்திதான். ஆறேழு டன் காலி வண்டியே தின்றுவிடும். சரக்குக்கு மிஞ்சுவது பன்னிரண்டு டன் அளவுக்குத்தான். ஆக்சிலுக்குக் கூட்டியது எட்டில் ஒரு பங்கு போலத் தோன்றினாலும், நான்காம் அடுக்குக் கணக்கில் சாலைக்கு அது 1.6 மடங்குத் தேய்மானம். இவ்வளவு கூட்டிக் கொடுத்த பிறகும் மேலே ஏற்றுவது என்ன நியாயம்?

● மணலும் மண்ணும் யூனிட் கணக்கில் விற்கிறோம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. காய்ந்த மணலாக இருந்தால் ஒரு யூனிட் நாலரை டன் இருக்கும், நனைந்திருந்தால் ஐந்து டன்னைத் தாண்டும். ஆறு சக்கர டிப்பரில் மூன்று யூனிட் போட்டால், காய்ந்த மணலிலேயே, வண்டியின் எடையும் சேர்த்து, சட்டம் சொல்லும் 18.5 டன் கடந்துபோகிறது. வியாபாரம் கன அடியில், சட்டம் டன்னில். நடுவில் வித்தியாசத்தைச் சுமப்பது டயர்.

● லாரிப் பட்டறைகளில் "கமான்ல ரெண்டு பட்டை சேத்துப் போடு" என்று கேட்பது சகஜம். கமான் என்கிற ஸ்பிரிங்கில் கூடுதல் பட்டை போட்டால் வண்டி பின்பக்கம் தொய்யாது. பார்க்க நிமிர்ந்து நிற்கும். ஆனால் பட்டை சேர்த்ததால் பிரேக் பெரிதாகவில்லை. ஆக்சில் தடிக்கவில்லை. டயரின் தாங்கும் அளவு மாறவில்லை. சேஸிஸ் அதே சேஸிஸ். இரண்டு மடங்கு எடையை அதே வேகத்திலிருந்து நிறுத்த, அதே பிரேக் இரண்டு மடங்கு வெப்பத்தைத் தாங்க வேண்டும். இறக்கத்தில் பிரேக் 'பிடிக்காமல் போனது' என்று செய்தியில் வாசிக்கிறோமே, அதில் பல நேரம் பிரேக் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்திருக்கும், தனக்குச் சொல்லப்படாத எடைக்கு.

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது.

● பீங்கான் விஷயத்தில் இந்தக் கமான் இன்னொரு வேலையும் செய்கிறது. தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு மாலையில் விளக்கு லோடு ஏற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிக்குள் ஒரு வரிசை விளக்கு, மேலே ஒரு பிடி வைக்கோல், மறுபடி ஒரு வரிசை. அடுக்கிய அம்மா ஒவ்வொரு விளக்கின் மூக்கையும் விரலால் தடவிப் பார்த்து, விரிசல் இருந்தால் ஒதுக்கினார். அத்தனை பொறுமை. பிறகு பெட்டிகள் சின்ன வண்டியில் ஏறின. தொட்டி நிறைந்தது, பலகைக்கு மேலும் அடுக்கினார்கள், கயிறு போட்டு இழுத்தார்கள். பின் டயர் தரையைத் தொடும் இடத்தில் பக்கவாட்டில் பிதுங்கியது. கமான் பட்டை வளைவு போய் நேர்கோடாகிவிட்டது. முகப்பு விளக்கைப் போட்டபோது வெளிச்சம் சாலையில் விழாமல் எதிர்ச் சுவரின் மேல்பாதியில் விழுந்தது.

வளைவு போன கமான் அதிர்ச்சியை வாங்காது. ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராகப் பெட்டிக்குப் போகும். அடி வரிசைப் பெட்டிக்கு மேல்பாரமும் சேரும். கடையில் பெட்டியைத் திறக்கும்போது கிடைக்கும் ஓட்டுச் சில்லுக்குப் பேக்கிங் செய்த பெண்களைக் குறை சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அது அநியாயம்.

● சங்க காலத்து உப்பு வணிகர்களான உமணர்கள், வண்டிக்கு அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டுதான் கிளம்புவார்கள். புறநானூற்றின் 102-வது பாட்டில் ஔவையார் இதைச் சொல்கிறார். காளைகள் இளசு, பாரம் அதிகம், வழியில் எங்கே பள்ளம் எங்கே மேடு என்று யாருக்குத் தெரியும் என்ற எச்சரிக்கைதான் காரணம். எழினி என்ற தலைவனை அந்த மாற்று அச்சுக்கு ஒப்பிடுகிறார். வாகனம், பாரம், பாதை என்று இன்றைய போக்குவரத்துப் பொறியாளர் பார்க்கும் மூன்றும் அந்தப் பாட்டில் இருக்கின்றன.

● திருக்குறளில் 475-வது குறள் மயிலிறகு ஏற்றிய வண்டியைப் பற்றியது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அது வரும் அதிகாரம் 'வலியறிதல்' என்பதையும் சேர்த்து நினைவில் வைக்கலாம்.

● இலேசான சரக்கில் எடை பிரச்சினை இல்லை, உயரம்தான் பிரச்சினை. கட்டாத வைக்கோல் 750 கிலோ சேர வேண்டுமென்றால், குட்டி யானையின் தொட்டி மேல் ஐந்து மீட்டருக்கும் உயரமாகக் குவிக்க வேண்டியிருக்கும். சரக்கு வண்டிக்கு அனுமதித்த உயரம் 3.8 மீட்டராக இருந்தது. 2020-ல்தான் 4 மீட்டர் ஆனது. தெருவைக் குறுக்கே கடக்கும் மின்கம்பி, வீட்டு இணைப்புக்கான தாழ்வழுத்தக் கம்பியானால் தரையிலிருந்து குறைந்தது 5.8 மீட்டர், உயரழுத்தக் கம்பியானால் 6.1 மீட்டர் இருக்க வேண்டும். இடைவெளி தாராளமாகத் தோன்றும். கம்பி வெயிலில் தொய்யும். பழைய தார் மேல் புதுத் தார் போட்டால் சாலை உயரும். மேலே ஒரு ஆள் உட்கார்ந்திருப்பார். அறுவடை முடிந்ததும் "வைக்கோல் லாரி தீப்பிடித்தது" என்ற செய்தி வருஷா வருஷம் வருவது இப்படித்தான்.

● ரயில்வே கேட்டுக்கு இருபுறமும் நிற்கும் இரும்புத் தோரணம் அழகுக்கு வைத்ததல்ல. மின்மயமான பாதைகளில் அதன் உயரம் 4.67 மீட்டர். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். தொட வேண்டும் என்று இல்லை, நெருங்கினாலே தாவும். விழுப்புரம், திருச்சி, சேலம், கடலூர் என நாலு பக்கமும் தண்டவாளம் பிரியும் ஜங்ஷன் ஊர்க்காரர்களான நமக்கு இது கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தோரணத்தில் லோடு உரசினால் கயிற்றை இறுக்கிக் குனிந்து போகப் பார்க்காதீர்கள். இறக்குங்கள்.

● 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதய விழாத் தேர் உயரழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள். சரக்கும் இல்லை, லாரியும் இல்லை. உயரமான ஒன்று உயரம் பார்க்காத பாதையில் போனது, அவ்வளவே.

● அதே தமிழ்நாட்டில் திருவாரூர் ஆழித்தேர் அலங்கரித்தபின் 96 அடி உயரம், சுமார் 300 டன். வீதிகளில் மின் இணைப்பைத் துண்டித்து, வழி பார்த்து, திருச்சி பெல் நிறுவனம் பொருத்திய ஹைட்ராலிக் பிரேக்கோடு அது ஓடுகிறது. நம் விருத்தகிரீஸ்வரர் கோயிலில் எல்லாம் ஐந்து ஐந்தாக இருப்பது போலத் தேரும் ஐந்து. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களை எல்லோரும் பார்ப்போம். சக்கரத்தை ஒட்டிக் குனிந்தபடி முட்டுக்கட்டையோடு ஓடுகிறவர்களையும் பாருங்கள். தேர் திரும்புவதும் நிற்பதும் அவர்கள் கையில்.

● சாலையில் போன பாரங்களில் தமிழ்நாடு மறக்க முடியாத ஒன்று, வந்தவாசி அருகே கொரக்கோட்டையில் வெட்டிய 64 அடி பெருமாள் சிலை. பெங்களூரு ஈஜிபுரா கோதண்டராமர் கோயிலுக்காக ஒரே கல்லில் எடுத்தது. எடை சுமார் 350 டன். 2018 டிசம்பரில் 240 டயர் கொண்ட வண்டியில் கிளம்பியது. இத்தனை டயர் எதற்கு? எடையைப் பங்கிட. கணக்குப்படி சிலையின் எடையில் ஒவ்வொரு டயருக்கும் ஒன்றரை டன்தான் விழுகிறது. அளவுக்கு மீறி ஏற்றிய ஒரு மணல் லாரியின் பின் டயர் அதைவிட அதிகம் சுமக்கும்.

அப்படியும் ஆரம்பத்திலேயே டயர்கள் வெடித்தன. திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, ஓசூர் என்று நகர்ந்த வழியில் சில கடைகளும் வீடுகளும் இடிபட்டன. பாலம் தாங்காது என்ற இடத்தில் ஆற்றுக்குள்ளேயே மண் கொட்டித் தற்காலிகப் பாதை போட்டார்கள். சில மணி நேரத்தில் காரில் போகும் தூரத்துக்கு ஆறு மாதம். 2019 ஜூனில்தான் பெங்களூரைத் தொட்டது. வழி நெடுக மக்கள் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார்கள். சிலைக்கு ஏற்ற வண்டி கிடைத்தது, அந்த வண்டிக்கு ஏற்ற சாலை கிடைக்கவில்லை என்பதே அந்த ஆறு மாதத்தின் கதை.

● அதைவிடக் கனமான கல் ஒன்றை ரஷ்யாவில் 1769-70-ல் நகர்த்தினார்கள். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் மகா பீட்டர் சிலைக்குப் பீடமான 'இடிக்கல்'. ஆயிரம் டன்னுக்கு மேல். சக்கரம் நசுங்கிவிடும் என்பதால் சக்கரமே வைக்கவில்லை. வெண்கலக் குண்டுகள் மேல் உருட்டினார்கள். இழுத்தது மனிதக் கைகள்.

● பக்கத்து நெய்வேலிச் சுரங்கத்தில் 1,400 லிட்டர் கொள்ளும் வாளிகள் கொண்ட ராட்சத இயந்திரங்கள் மண்ணை வெட்டுகின்றன. வெட்டிய மண்ணை அள்ளிச் செல்ல லாரி வரிசை கிடையாது. கன்வேயர் பெல்ட் கொண்டுபோகிறது.

● கரும்பு வெட்டு சீசனில் டிராக்டர் பின்னால் இரண்டு டிரெய்லர் போவது நம் மாவட்டத்துக் காட்சி. பெரும்பாலான டிரெய்லர்களில் பிரேக் இல்லை. நிறுத்துவது டிராக்டரின் பிரேக் மட்டுமே. பின்கொக்கியில் எடை கூடக்கூட டிராக்டரின் முன்சக்கரம் தரையில் அழுந்தாது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். தொங்கும் கரும்புத் தோகை சிவப்பு விளக்கையும் ரிஃப்ளெக்டரையும் மூடிவிட்டால், இரவில் பின்னால் வருகிறவருக்கு அங்கே ஒரு வண்டி நிற்பதே தெரியாது. தோகையை வெட்டிவிட ஐந்து நிமிஷம் போதும்.

● மாட்டுக்கும் வரம்பு உண்டு. 1965-ம் ஆண்டு விதிகளின்படி பொதி சுமக்கும் கழுதைக்கு 50 கிலோதான். வண்டி மாடு ஒரு நாளில் ஒன்பது மணி நேரத்துக்கு மேல், தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் இழுக்கக் கூடாது. வெயில் 37 டிகிரியைத் தாண்டும் இடங்களில் பகல் 12 முதல் 3 வரை பூட்டவே கூடாது. விருத்தாசலத்துச் சித்திரை வெயிலுக்கு இந்த விதி எழுதியது போலவே இருக்கிறது. ஓர் ஆண் தொழிலாளி தூக்கும் பாரம் 55 கிலோவுக்கு மேல் போக வேண்டாம் என்று உலகத் தொழிலாளர் அமைப்பு 1967-ல் பரிந்துரைத்தது.

● அபராதம் எவ்வளவு? 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, கூடுதல் பாரத்துக்கு 20,000 ரூபாய். அதோடு கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. பத்து டன் கூடுதல் என்றால் 40,000. பக்கவாட்டிலோ பின்னாலோ உயரத்திலோ நீட்டினால் 20,000. எடை போட வண்டியை நிறுத்தாமல் போனால் 40,000. எடை மேடை போகும் வழியில் பத்து கிலோமீட்டருக்குள் இருந்தால் அங்கே கொண்டுவரச் சொல்ல அதிகாரிக்கு உரிமை உண்டு.

அபராதத்தைக் கட்டிவிட்டு அதே லோடோடு போய்விடலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2005-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, கூடுதல் பாரத்தை இறக்கிய பிறகுதான் வண்டி நகர வேண்டும். "டிரைவர்தான் ஏற்றினார், எனக்குத் தெரியாது" என்பதும் எளிதில் செல்லாது. ஓட்டியவர் முதலாளி இல்லை என்றால், முதலாளிக்குத் தெரிந்தே நடந்தது என்று நீதிமன்றம் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது 113-வது பிரிவு. நடைக் கூலிக்கு ஓட்டும் டிரைவர்கள் பெரும்பாலும் ஆசைப்பட்டுக் கூடுதல் பாரம் ஏற்றுவதில்லை. இந்தப் பிரிவை அவர்கள் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

● கடைசியாக, பாரமே அல்லாத பாரம். முந்திரிக் கொட்டை பொறுக்க, நடவு நட, கல்யாணத்துக்குப் போக என்று லோடு வேனில் ஆட்களை நிற்க வைத்து ஏற்றுகிறார்கள். சரக்குத் தொட்டியில் பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லை, இருக்கை இல்லை. கயிற்றால் கட்டிய சரக்கு வளைவில் அசையாது. நிற்கும் மனிதர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் சாய்வார்கள். அந்தச் சாய்வுக்கு அந்த வண்டி செய்யப்படவில்லை.

சரக்கு வண்டியில் கூலியில்லாமல் ஏறிச் செல்லும் பயணிக்கு இழப்பீடு தரும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-ல் தீர்ப்பளித்தது. சரக்கின் சொந்தக்காரரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு கூடப் போனால் அவருக்குக் காப்பீடு உண்டு. 1994 திருத்தத்தில் அது சேர்க்கப்பட்டது. ஆக, விளக்குப் பெட்டியோடு போகும் வியாபாரிக்கு இன்சூரன்ஸ் உண்டு. அதே வண்டியில் மறுநாள் காலை களை எடுக்க நின்றுகொண்டே போகும் பெண்களுக்கு இல்லை.